பூசாரி சொன்னது பூசை, ஜோசெப் கேட்டது பூசே

தேர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் ஊர் ஓடிக்கொண்டிருந்தது.

முறைப்படி ஊர் முன்னால் நின்று வடம் பிடிக்க வேண்டும், தேர் பின்னால் அசைந்து வர வேண்டும். அன்று மாரியம்மனுக்கு என்ன அவசரமோ தெரியவில்லை. சீனர் கடை முக்கில் கிளம்பியவள், ஆற்றை நோக்கி இறங்கும் சரிவில் வேகம் பிடித்துவிட்டாள். வடம் பிடித்தவர்கள் இருபுறமும் கரும்புக்குள் பாய்ந்தார்கள். மேளக்காரர் மேளத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினார். மேளம் மட்டும் கடமை தவறாமல் தேருக்கு முன்னால் உருண்டு போய்க்கொண்டிருந்தது.

தேர்மேல் நின்ற பூசாரி ஒரு கையால் அம்மனையும் மறுகையால் தம் வேட்டியையும் பிடித்திருந்தார். இரண்டில் ஒன்றை விட்டால்தான் கம்பத்தைப் பிடிக்க முடியும் என்ற நிலை வந்தது. அம்மனை விட்டார்.

சரிவின் அடியில் ஒரு வாய்க்கால். தேர் அதில் மூக்கைக் குத்தி நின்றது. அம்மன் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, வெட்டு முடிந்த வயலில் குவித்திருந்த கரும்புச் சோகைமேல் போய் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளுக்கு மூக்குத்திகூட விழவில்லை. பூசாரியின் வலது கால்தான் சக்கரத்தின் கீழே மாட்டிக்கொண்டது.

ஊர் வாயடைத்து நின்றது. கற்பூர வாசனையும் புழுதியும் எங்கள் தலைக்கு மேலே மிதந்தன. அந்த அமைதியில் ஒரே ஓர் ஆள் சிரித்தார். என்னைப் பார்த்துப் பேசி முடிக்கக் காத்ர் போர்ன் டவுனிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை. அவருடைய அம்மா அவரைக் கையில் கிள்ளியதை நானே பார்த்தேன். அதுவரை அந்தச் சம்பந்தத்தில் எனக்குப் பாதி மனம்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் முழு மனமாகிவிட்டது.

அப்போது மேலேயிருந்து ஜோசெப் ஓடி வந்தார். தேர்ச்சக்கரத்துக்குக் கொடுக்கும் முட்டுக்கட்டை அவர் கையில் இருந்தது. முகமெல்லாம் வேர்வை, முகமெல்லாம் பெருமை.

"போங்? போங்?" என்று எல்லாரையும் கேட்டார். "நல்லா தள்ளினேனா?"

ஒரு வாசகரின் கேள்வி

பக்கத்து எஸ்டேட்டில் லிச்சிப்பழம் திருடிய கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகர் கோபமாகக் கடிதம் போட்டிருக்கிறார். "இதையெல்லாம் கூசாமல் எழுதுகிறீர்களே அம்மா! நல்லது கெட்டது என்ற அறிவு மனிதனுக்கு எங்கிருந்து வருகிறது? பரிணாமத்திலிருந்தா, எண்ணத்திலிருந்தா, செயலின் விளைவிலிருந்தா? உங்கள் கருத்து என்ன?" என்று கேட்டிருக்கிறார்.

லிச்சி திருடியவளிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் ஐயா, நீங்கள் சரியான வீட்டுக் கதவைத்தான் தட்டியிருக்கிறீர்கள். நீங்கள் சொல்லும் மூன்று கட்சிக்கும் எங்கள் ஊரில் ஒவ்வோர் ஆள் இருந்தார்கள்.

விளைவுக் கட்சி, என் அப்பா. எங்கள் தீவின் கிழக்கே, சென்ட்ர் டி ஃப்ளாக் டவுனுக்கு நடந்து போகிற தூரத்தில் எங்கள் ஊர். அதில் இரண்டு ஏக்கர் கரும்பு வைத்திருந்த சின்னப் பிளாந்தர் அவர். கோயில் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர். "நல்ல மனசோட வெட்டின கரும்பா, கெட்ட மனசோட வெட்டின கரும்பான்னு மில்லுல எவன் கேக்கறான்? சாறு இருக்கான்னுதான் கேப்பான்" என்பார். கல்யாணம், வைத்தியம், கடவுள் எல்லாவற்றுக்கும் இதே சாறுதான்.

எண்ணக் கட்சி, எங்கள் பூசாரி. அபிஷேகத்துக்குப் பால் குறைந்த நாட்களில் தண்ணீரைக் கலந்து ஊற்றிவிட்டு, "மனசு சுத்தமா இருந்தா பச்சத்தண்ணியும் பால்தான்" என்று சொல்லிவிடுவார். குறைந்த பால் எங்கே போயிற்று என்பது பூசாரி வீட்டுக் காப்பிக்குத் தெரியும்.

பரிணாமக் கட்சி, என் அண்ணன். அவன் பள்ளிக்கூட வாத்தியார். எங்கேயோ ஓர் ஆங்கிலப் புத்தகத்தைப் படித்துவிட்டு, மனிதன் குரங்கின் உறவுக்காரன், இரக்கம் வெட்கம் எல்லாம் அங்கிருந்து வளர்ந்து வந்தவை என்று சாப்பாட்டு நேரத்தில் பிரசங்கம் செய்வான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று பழமொழி உண்டல்லவா? என் அண்ணன் கட்சியில் அது தலைகீழ். குரங்கு பிடிக்கப் பிள்ளையாராய் முடிந்தது.

குரங்குகளின் கமிட்டி

எங்கள் நிலத்துக்குப் பின்னால் ஒரு மேடு. அங்கிருந்து குரங்குகள் காலையில் இறங்கிக் கரும்பைத் தின்னும். தின்றாலும் பரவாயில்லை, ஒரு கரும்பைக் கடித்துவிட்டு இனிப்புப் போதவில்லை என்று அடுத்ததற்குப் போகும். அப்பாவுக்கு அதுதான் ஆத்திரம்.

கூட்டம் தின்னும்போது ஒரு குரங்கு மட்டும் பாறைமேல் காவல் உட்கார்ந்திருக்கும். நாய் வந்தால் கத்தும், மற்றவை ஓடிவிடும். அண்ணன் ஒரு நாள் அப்பாவை அழைத்துப் போய் இதைக் காட்டினான். நானும் பின்னால் போனேன்.

"பாத்தீங்களாப்பா? தான் தின்னாம, தன் உசுரப் பத்தி நினைக்காம, மத்ததுக்காகக் கத்துது. நம்ம தர்மமெல்லாம் இதுலேருந்து வந்ததுதான்."

"அது கத்துறது தர்மம்னா, என் கரும்பைத் தின்னுறது என்னடா?"

அண்ணன் யோசித்தான். "அது குடும்ப வாழ்க்கை" என்றான்.

இன்னொரு நாள், காவல் குரங்கு ஒரு கொய்யாப்பழத்தில் மயங்கிக் கத்த மறந்துவிட்டது. எங்கள் நாய் ஒரு குட்டியைக் கடித்துவிட்டது. மேட்டுக்குத் திரும்பியதும் மொத்தக் கூட்டமும் சேர்ந்து அந்தக் காவல் குரங்கை அடித்த அடி இருக்கிறதே! அண்ணன் பரவசமாகிவிட்டான். "தண்டனைப்பா, தண்டனை! நீதி!" என்று குதித்தான்.

அப்பாவும் முதல்முறையாகத் தலையாட்டினார். "அப்ப அதுங்களுக்கும் ஒரு கோயில் கமிட்டி இருக்குன்னு சொல்லு."

இது போதும். ஜோசெப்புக்கு வருகிறேன்.

தண்ணி, மாடு, மாமி

ஜோசெப் எங்கள் ஊர் வண்டிக்காரர், க்ரியோல் மொழி பேசும் ஆப்பிரிக்க வம்சத்துக்காரர். மாட்டு வண்டி ஓட்டுவார், சக்கரம் பழுது பார்ப்பார். கோயில் நிலத்தின் கோடியில் தகரக்கூரை போட்ட ஒரு குடிசையில் அவரும் அவர் மனைவி ரோசாவும் இருந்தார்கள். இருபது வருஷத்துக்கு முன் கோயிலுக்குக் கல் ஏற்றி வந்தபோது, "இங்கேயே இருந்துக்கோ" என்று அன்றைய கமிட்டி வாயால் சொன்னது. அவ்வளவுதான் பத்திரம்.

அன்று நாங்கள் எல்லாரும் அவரை 'அவன்' என்றுதான் சொன்னோம். இன்று எழுத உட்கார்ந்தால் 'அவர்' என்று வருகிறது. கை தானாகத் திருந்தியிருக்கிறது போலிருக்கிறது. அண்ணன் உயிரோடு இருந்தால் பரிணாமம் என்று துள்ளியிருப்பான்.

தேருக்கு இரண்டு வாரம் முன்பு எங்கள் வாசலில் உட்கார்ந்து தேர்ச்சக்கரங்களைச் சரிசெய்தார். வண்டிமசை நாற்றம் வீட்டுக்குள் வரை வந்தது. அவருக்குக் கொஞ்சம் தமிழ் காதில் விழுந்து பழக்கம். அதை முழுசாகக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு என்னிடம் சொல் கேட்பார். டிலோ? தண்ணி. வாஷ்? மாடு. ஒரே நாளில் மாமி, மாடு இரண்டையும் சொல்லிக் கொடுத்தது என் தவறு. மறுநாள் என் அம்மாவைப் பார்த்து இரு கையும் கூப்பி, "வணக்கம் மாடு" என்றார். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஒரு மத்தியானம் ஆரக்காலில் ஆப்பு அடித்துக்கொண்டே க்ரியோலில் கேட்டார்.

"மாம்சேல், பூசாரி தேர்மேல நின்னு 'பூசே, பூசே'ன்னு கத்தறார். தமிழ்லயும் அதே வார்த்தையா?"

விஷயம் இதுதான். பூசை என்ற சொல் எங்கள் ஊர் வாயில் 'பூசே' ஆகி வெகுகாலம் ஆகிறது. க்ரியோலிலோ 'பூசே' என்றால் தள்ளு. பூசாரி பூசே என்று கத்தினால் தேரை நிறுத்த வேண்டும், முட்டுக்கட்டை போட வேண்டும், தேங்காய் உடைப்பார்கள். அதுவரை முட்டுக்கட்டை போட்டவர் என் தாய்மாமன். அவருக்குத் தமிழ் தெரியும். அந்த வருஷம் அவர் காய்ச்சலில் படுத்துவிட்டதால் ஜோசெப்பைப் போட்டிருந்தார்கள். அதுவரை ஜோசெப் கூட்டத்துக்கு வெளியே தூரத்தில் நின்று தேர் பார்த்தவர்தான்.

நான் சொன்னேன்: "வி, ஆமா ஜோசெப். அதே வார்த்தைதான். அவர் கத்தினா கட்டையை எடுத்துட்டு முழு பலத்தோட தள்ளணும். எவ்வளவு தள்றியோ அவ்வளவு புண்ணியம்."

அவர் தலையை ஆட்டி, அதை இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். நான் கிணற்றடிக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

விளையாட்டுக்குத்தான் சொன்னேன் என்று இப்போதைக்கு எழுதி வைக்கிறேன்.

தேரன்று சீனர் கடை முக்கில், கடைக்காரர் வருஷா வருஷம் கொடுக்கிற தேங்காயும் கற்பூரமும் தட்டில் தயாராக இருந்தன. பூசாரி கத்தினார். ஜோசெப் புண்ணியம் சம்பாதித்தார்.

கமிட்டி கூடியது

மறுநாள் பிற்பகல் கோயில் கொட்டகையில் கமிட்டி கூடியது. தகரக் கூரை சுட்டது. முந்தைய நாள் பிரசாதத்தின் வெல்லத்தில் ஈ மொய்த்தது. ஆண்கள் பெஞ்சுகளில் இருந்தார்கள். நாங்கள் பெண்கள் ஒரு பக்கம் பாயில். ஜோசெப் கொட்டகைக்கு வெளியே வெயிலில் நின்றார். உட்காரு என்று யாரும் சொல்லவில்லை. நிழலுக்கு வா என்றும் சொல்லவில்லை.

பூசாரி மஞ்சள் பற்றுப் போட்டு, பலகை வைத்துக் கட்டிய காலை ஒரு முக்காலிமேல் வைத்திருந்தார். அம்மன்கூட அவ்வளவு ஜோடனையாக உட்கார்ந்ததில்லை.

அப்பா கேட்டார், "ஜோசெப், ஏன்டா தள்ளினே?"

"மோ ஃபின் தாந்தே பூசே. மோ ஃபின் பூசே" என்றார் ஜோசெப். தள்ளு என்று காதில் விழுந்தது, தள்ளினேன். அவ்வளவுதான் அவர் தரப்பு.

யாரோ ஒருவர் முணுமுணுத்தார்: "பாவம், அவன் கெட்ட எண்ணத்துல செய்யலியே."

உடனே பூசாரி எழப் பார்த்து, வலியில் மறுபடி உட்கார்ந்தார். "எண்ணமாவது கிண்ணமாவது! என் காலைப் பாருங்கய்யா. எண்ணத்தாலயா இந்த எலும்பு ஒடைஞ்சுது?"

இருபது வருஷமாக எண்ணம், எண்ணம் என்று பால் குடித்த மனிதர். ஒரே ஒரு சக்கரம் ஏறியதும் விளைவுக் கட்சிக்கு மாறிவிட்டார்.

அண்ணன் எழுந்தான். ஜோசெப்பைக் காப்பாற்றத்தான் எழுந்தான், அதில் சந்தேகமில்லை. "பெரியவங்களே, கூட்டத்துல சேராத ஒருத்தனைக் கூட்டம் தொரத்தும். அது இயற்கை. குரங்கு கூட..." என்று ஆரம்பித்தான். 'ஆனால் நாம் குரங்கு இல்லையே' என்று முடிப்பதாக இருந்தானாம். அதற்குள் பெஞ்சு முழுக்கத் தலையாட்டிவிட்டது.

"வாத்தியாரே சொல்லிட்டாரு. இயற்கை."

"நம்ம ஆளுங்க இல்லாதவன் கை தேர்மேல பட்டா இப்படித்தான் ஆகும்."

"ஆத்தா கோவத்துல ஊருக்குள்ள காய்ச்சல் வந்தா யாரு பதில் சொல்றது?"

அப்பா கையை உயர்த்தினார். நல்ல தலைவர்தான், கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார். "டேய் ஜோசெப், பூசேன்னா தள்ளுன்னு அர்த்தம்னு உனக்கு யாராச்சும் சொல்லிக் குடுத்தாங்களா?"

ஜோசெப் பெண்கள் இருந்த பாய்ப் பக்கம் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவை, கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பெர்சோன்" என்றார். "யாரும் இல்ல. என் காது."

என் பக்கத்தில் மாப்பிள்ளையின் அம்மா இருந்தார். ஓதிகொலோன் சென்ட் வாசனை அடிக்கும் கைக்குட்டையால் விசிறிக்கொண்டே என் காதருகே குனிந்தார். "இவனையெல்லாம் கிட்ட விட்டதே தப்பு. நீ என்னம்மா சொல்றே?"

எனக்கு அந்தக் கல்யாணம் வேண்டும். அந்தச் சிரிப்பு வேண்டும். சோகை நாற்றமும் குரங்கும் இல்லாத, கடைத்தெருவுள்ள காத்ர் போர்ன் வேண்டும்.

"ஆமாங்க" என்றேன்.

நான் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். இந்தத் தொடரிலேயே சிலது இருக்கிறது. எதற்கும் வெட்கப்பட்டதில்லை. அந்த 'ஆமாங்க' ஒன்றுக்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

தீர்ப்பு: மூன்று நாளைக்குள் ஜோசெப் குடிசையைப் பிரித்துக்கொண்டு கோயில் நிலத்தை விட்டுப் போக வேண்டும்.

ஆணி

அடுத்த நாள் காலை பூப்பறிக்கும் சாக்கில் கோயில் பின்புறம் போனேன். சாக்கு என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டு வாசலிலேயே பூ இருந்தது.

மூன்று நாள் கெடு கொடுத்திருந்தார்கள். ஜோசெப் முதல் நாள் விடியும்போதே வேலையை ஆரம்பித்துவிட்டார். பாதிக் கூரை இறங்கியிருந்தது. ரோசா தகரங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். வெயில் முதல்முறையாக அவர்கள் அடுப்பின்மேலும் கட்டிலின்மேலும் சுவரில் ஒட்டிய மாதா படத்தின்மேலும் விழுந்திருந்தது. பிறர் வீட்டை அப்படித் திறந்து பார்க்கக் கூடாது. எனக்கு எங்கே கண்ணை வைப்பது என்று தெரியவில்லை.

ஜோசெப் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து, பிடுங்கிய ஆணிகளைச் சுத்தியால் ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டிருந்தார். வளைந்ததை எடுப்பார், உருட்டிப் பார்ப்பார், தட்டுவார், டப்பாவில் போடுவார். என்னைப் பார்த்ததும் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

ஒரு ஆணியைத் தூக்கிக் காட்டினார். "மாம்சேல், இதுக்குத் தமிழ்ல என்ன?"

என் வாயில் வார்த்தை வரவில்லை. தெரியாமலா? 'ஆணி' என்று மூன்று வயசுக் குழந்தை சொல்லும். அந்த மனிதர் என்னிடம் வாங்கிய ஒரு சொல்லால் வீட்டை இழந்து, அந்த வீட்டின் ஆணியைக் கையில் வைத்துக்கொண்டு, என்னை நம்பி இன்னொரு சொல் கேட்கிறார். எண்ணமும் இல்லை, விளைவும் இல்லை. அங்கே நிற்க முடியவில்லை, அவ்வளவுதான். பூக்கூடையை அங்கேயே போட்டுவிட்டுக் கோயிலுக்கு ஓடினேன்.

எனக்குக் கிடைத்த மன்னிப்பு

உடைந்த தேருக்குப் பரிகாரம் செய்து கொண்டிருந்தார்கள். அப்பா இருந்தார், முக்காலிக் காலுடன் பூசாரி இருந்தார், கமிட்டியில் பாதிப் பேர் இருந்தார்கள். எங்கள் வீட்டில் தங்கியிருந்த மாப்பிள்ளை வீட்டாரும் ஊருக்குக் கிளம்புமுன் கும்பிட்டுப் போக வந்திருந்தார்கள். இவ்வளவு பெரிய சபை எனக்கு அதற்கு முன்னும் பின்னும் கிடைத்ததில்லை.

"நான்தான் ஜோசெப்புக்கு அப்படிச் சொல்லிக் குடுத்தேன்" என்று கத்தினேன். "பூசேன்னா தள்ளுன்னு நான்தான் சொன்னேன். முழு பலத்தோட தள்ளச் சொன்னேன். கட்டையை எடுக்கச் சொன்னதும் நான்தான்."

அப்பா என்னைப் பார்த்தார், மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். சாறு பார்த்தே பழகிய அந்த மனிதர் அப்போது சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"லெச்மி அறியாப் பொண்ணு. விளையாட்டுக்குச் சொல்லியிருக்கா. அவ மனசுல கள்ளம் இல்ல. மனசுதானே முக்கியம்?"

பூசாரியும் தம் பழைய கட்சிக்குத் திரும்பி வந்தார். எலும்பு நேற்றைவிட இன்று அதிகம் ஒட்டியிருக்கவில்லை. ஆனால் தலைவர் மகள் அல்லவா? "சின்னப் புள்ள. ஆத்தாளே சிரிச்சிருப்பா" என்றார்.

சின்னப் பிள்ளைக்கு அன்று இருபது வயது. பெஞ்சுக்காரர்கள் சிரித்தார்கள். ஒருவர் என் நெற்றியில் விபூதிகூட வைத்தார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். ஒரே தேர்தான் ஐயா. ஜோசெப் கையில் அது பொன், என் வாயில் அது மண்.

இதில் யாருக்கும் தெரியாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அது விளையாட்டே இல்லை. "பொண்ணு சிரிச்சா எஸ்டேட் வரைக்கும் கேக்குது, கொஞ்சம் அடக்கி வைங்க" என்று, தேருக்கு ஒரு மாதம் முன்பு சம்பந்தம் பேச வந்த மாப்பிள்ளையின் அம்மா காதுபட, பூசாரி என் அப்பாவிடம் சொல்லியிருந்தார். அந்த ஆளைத் தேரிலிருந்து தள்ள வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். கால் ஒடிய வேண்டும் என்று நினைக்கவில்லை. ஆனால் விழவேண்டும், எல்லார் முன்னாலும் விழவேண்டும் என்று நினைத்தேன். அதற்கு என் கையை வைக்காமல் ஜோசெப் கையை வைத்தேன். கள்ளம் இல்லாத மனசு என்று தீர்ப்பு எழுதினார்களே, அந்த மனசு இதுதான். கள்ளமே இல்லாத மனசு வெளியே கூரை பிரித்துக்கொண்டிருந்தது.

எண்ணத்தை வைத்து நியாயம் சொல்லலாம் என்கிறவர்கள் முதலில் அது எங்கே கிடைக்கும் என்று காட்டட்டும். என்னுடையதை நானே இத்தனை வருஷம் கழித்துத்தான் எடுத்துப் பார்க்கிறேன்.

மாப்பிள்ளையின் அம்மா மட்டும் யார் பேச்சிலும் ஏமாறவில்லை. கைக்குட்டையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "எங்க வீட்டுக்கு இவ்வளவு வாய் வேண்டாங்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு நடந்தார். அன்று அந்த இடத்தில் சரியாகத் தீர்ப்புச் சொன்னவர் அவர் ஒருவர்தான் என்று இப்போது தோன்றுகிறது. அவர் மகன் வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். சிரிக்கவில்லை.

அப்பா முகம் கறுத்துவிட்டது. வேறு எதையாவது சரிசெய்ய வேண்டும்போல் இருந்திருக்கும். "அந்த ஜோசெப்பைப் போக வேணாம்னு சொல்லு. இருந்துக்கட்டும்" என்றார்.

கயிறு

நான் ஓடினேன். சம்பந்தம் போய்விட்டதே என்ற அழுகை ஒரு பக்கம், நல்ல சேதி கொண்டுபோகிறேன் என்ற பெருமை ஒரு பக்கம். பெருமைதான் ஒரு பிடி அதிகம் இருந்தது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

கூரை முழுக்க இறங்கியிருந்தது. நான்கு கம்பங்கள் மட்டும் நின்றன. தகரங்கள், கட்டில், பானைகள், ஆணி டப்பா எல்லாம் வண்டியில் ஏறியிருந்தன. மேலே ரோசா உட்கார்ந்து மாதா படத்தை மடியில் வைத்திருந்தாள். அவளுடைய தம்பி தீவின் நடுவிலுள்ள பீனிக்ஸ் ஊரில் இருந்தான், அங்கே போகிறார்கள். ஜோசெப் பாரத்தின்மேல் கயிறு போட்டுக்கொண்டிருந்தார்.

மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். நான் ஒப்புக்கொண்டேன் என்று சொன்னேன். கமிட்டி மன்னித்துவிட்டது என்றேன். போக வேண்டாம், கூரையை மறுபடி போட்டுக்கொள்ளலாம், அப்பாவே சொல்லிவிட்டார், அண்ணனையும் உதவிக்கு அனுப்புகிறேன் என்று சொன்னேன். கல்யாணம் நின்றுபோனதையும் சொன்னேன். எதற்காக அதைச் சொன்னேன்? நானும் ஏதோ கொடுத்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரிய வேண்டாமா?

ஜோசெப் வேலையை நிறுத்திவிட்டுக் கடைசி வரை கேட்டார். ரோசா என் பக்கம் திரும்பவேயில்லை. கோபம் என்று ஜோசெப் முகத்தில் எதுவும் இல்லை. பிரித்த இடத்தை ஒரு முறை பார்த்தார். பிறகு வண்டியைப் பார்த்தார்.

"நேத்து சொல்லியிருக்கலாமே, மாம்சேல்" என்றார்.

அவர் கயிற்றின் ஒரு நுனியை என்னிடம் நீட்டினார். பாரம் சரியாமல் இருக்க அந்தப் பக்கம் ஓர் ஆள் இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. நான் பிடித்தேன். அவர் மறுபக்கம் போய் முடிச்சுப் போட்டார்.